மூன்று முறை கேட்க வேண்டும்

எங்கள் சபையில், போதகரான ஐயர் பிரசங்கம் செய்தால் நேராகப் பீடத்தில் ஏறிப் பேசலாம். எங்களைப் போல வேறு வேலை பார்த்துப் பிழைக்கிறவர்கள் பிரசங்கம் செய்தால் அப்படி ஏறிவிட முடியாது. பீடத்தின் கீழ்ப்படியில் நின்று சபையைப் பார்த்து, "என்மேல் யாருக்காவது மனக்குறை உண்டா?" என்று மூன்று முறை கேட்க வேண்டும். யாராவது எழுந்தால், என்ன குறை என்பதை அவர் அங்கேயே எல்லோர் காதிலும் விழும்படி சொல்ல வேண்டும். கேட்டவர் இறங்கிப் போய் அதைத் தீர்த்துவிட்டு வந்துதான் படியேற வேண்டும். தீரவில்லையென்றால் அன்றைக்குப் பிரசங்கம் இல்லை, பாட்டுப் பாடிவிட்டுக் கலைய வேண்டியதுதான்.

இதை ஆரம்பித்து வைத்தவர் எங்கள் சபையின் முதல் பிரசங்கியார். பண்ணையில் ஏர் ஓட்டியவர், எழுதப் படிக்கத் தெரியாது. அந்தக் காலத்தில் திருச்சியிலிருந்து உபதேசியார் மாதத்துக்கு ஒரு முறைதான் வருவாராம். மற்ற ஞாயிறுகளில், உபதேசியார் வாசித்ததைக் காதால் கேட்டு மனதில் வைத்திருந்த இவர் புளியமரத்தடியில் நின்று பேசுவார். ஒரு நாள் பேச வாயெடுத்தபோது இவருடைய பங்காளி எழுந்து, "எங்க ஆட்ட அடிச்சுக் கால ஒடிச்சவன் எனக்கு வேதம் சொல்றியா?" என்று கேட்டுவிட்டார். இவர் மறுபேச்சுப் பேசாமல் பங்காளி வீட்டுக்குப் போய், ஆட்டின் காலுக்குக் கட்டுப் போட்டுவிட்டு வந்து, பொழுது சாயும் நேரத்தில் மிச்சத்தைப் பேசினாராம். அடுத்த வாரத்திலிருந்து தானே முந்திக்கொண்டு கேட்க ஆரம்பித்தார். பிற்பாடு ஐயர்மார் வந்த பிறகும் எங்களுக்கு மட்டும் அது நிலைத்துவிட்டது. ஐயரைக் கேட்கச் சொல்லாததற்குக் காரணம் இருக்கிறது. கேட்டால் கமிட்டி முழுக்க எழுந்து நிற்கும்.

நான் இந்த ஊருக்கு வாழ்க்கைப்பட்டு வந்து இருபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. அந்தக் கேள்விக்கு ஒருவர்கூட எழுந்து நான் பார்த்ததில்லை. பேசுகிறவர்கள் மூன்று முறையும் கடகடவென்று கேட்டுவிட்டு, மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஏறிவிடுவார்கள்.

போன பாரம்பரிய ஞாயிறுக்கு மூன்று வாரம் முன்னால் ஐயர் என்னைக் கூப்பிட்டு அனுப்பினார். வருஷத்தில் அந்த ஒரு ஞாயிறு ஐயர் பெஞ்சில் உட்கார்ந்துகொள்வார். வேத வாசிப்பு, ஜெபம், பிரசங்கம் எல்லாவற்றையும் சபையாரே செய்வோம். சபை வந்த வழியையும் முதல் பிரசங்கியாரையும் நினைத்துப் பேச வேண்டும்.

"இதுவரைக்கும் பொம்பளைங்க யாரும் பேசுனதில்லம்மா. இந்தத் தடவ நீங்க பேசுங்க. ஞாயிறு பள்ளியில நீங்க புள்ளைங்களுக்குக் கத சொல்றதக் கேட்டிருக்கேன்" என்றார்.

"சரிங்கய்யா" என்று சொல்லிவிட்டேன். யோசித்துச் சொல்கிறேன் என்றிருக்கலாம். என் வாய் எப்போதும் எனக்கு அரை அடி முன்னால் போகும். வீட்டுப் படி ஏறும்போதுதான் அந்த அக்காவின் ஞாபகம் வந்தது.

அக்கா எங்களுக்கு அடுத்த தெரு, எங்கள் சபைதான். நான் பெரம்பலூரில் பழைய பஸ் ஸ்டாண்டு பக்கம் ஒரு மெடிக்கலில் வேலை பார்க்கிறேன். அக்காவின் மகளுக்குப் பள்ளிக்கூட நாளிலிருந்தே வலிப்பு உண்டு. மாத்திரை தவறாமல் சாப்பிட்டால் ஒன்றும் வராது. அந்த மாத்திரையை அக்கா என்னிடம்தான் வாங்குவார். கடையில் கூட்டம் குறையும் வரை ஓரமாக நிற்பார். பிறகு டாக்டர் சீட்டை நாலாக மடித்து நீட்டுவார். நான் கவரின் மேல் பெயர் எழுதாமல் போட்டுக் கொடுப்பேன்.

"ஒன்னத் தவிர ஒருத்தருக்கும் தெரியாது புள்ள" என்பார். ஊரில் உண்மையிலேயே ஒருவருக்கும் தெரியாது.

மூன்று வருஷத்துக்கு முன்னால் அந்தப் பெண்ணுக்குத் திருச்சியிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. பெண்ணுக்கும் மாப்பிள்ளைக்கும் பிடித்து, கோவிலில் ஓலை வாசித்துக் கல்யாணத்தை அறிவிக்க வேண்டியதுதான் பாக்கி. ஒரு வியாழக்கிழமை நான் கடையில் இருக்கும்போது போன் வந்தது. மாப்பிள்ளையின் அத்தையாம். என் நம்பரை யாரிடமோ வாங்கியிருக்கிறார்.

"நீங்களும் அந்தச் சபதானாமே. மெடிக்கல்ல வேற இருக்கீங்களாம். ஒங்கள நம்பிக் கேக்குறேன், பொண்ணுக்கு ஒடம்புக்கு ஒண்ணும் இல்லையில்ல?"

தெரியாது என்று ஒரு வார்த்தையில் முடித்திருக்கலாம். அவங்க அம்மாவையே கேளுங்க என்றிருக்கலாம். நான் சொன்னது இது: "வலிப்புக்கு மாத்திர சாப்புடுது. மத்தபடி பெருசா ஒண்ணுமில்லிங்க. தங்கமான பொண்ணு."

கடைசியில் தங்கமான பொண்ணு என்று சேர்த்ததில் எனக்கு அப்போது திருப்திகூட இருந்தது. அந்த வாரத்திலேயே சம்பந்தம் கலைந்தது. மாப்பிள்ளை வீட்டார் விஷயத்தை ஊரெல்லாம் பரப்பவில்லை, அந்த மட்டுக்கு நல்லவர்கள். ஒத்து வரவில்லை என்று மட்டும் சொல்லிக்கொண்டார்கள். ஆனால் அக்காவிடம், மெடிக்கலில் இருக்கிற உங்கள் சபை ஆள்தான் சொன்னார் என்று உள்ளதைச் சொல்லிவிட்டார்கள்.

அக்கா சண்டைக்கு வரவில்லை. வந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும், பதிலுக்கு நாலு வார்த்தை பேசியிருப்பேன். அவர் கடைக்கு வருவதை நிறுத்திவிட்டார், அவ்வளவுதான். பெரம்பலூர் பக்கத்தில் இருக்க, மாத்திரைக்காக அரியலூர் பஸ் ஏறினார். என்னோடு பேச்சு கிடையாது. பெண்கள் சங்கத்தில் செயலாளர் பதவிக்கு எங்களுக்குள் தகராறு என்று சபையில் பேசிக்கொண்டார்கள். அப்படியே இருக்கட்டும் என்று நானும் விட்டுவிட்டேன்.

மன்னிப்புக் கேட்டேனா என்றால், இல்லை. பொய் சொன்னவள்தானே மன்னிப்புக் கேட்க வேண்டும், நான் உள்ளதைத்தானே சொன்னேன் என்று எனக்கு நானே பேசிக்கொண்டேன். கல்யாணத்துக்கு முன்னால் மறைப்பது மட்டும் சரியா என்று என் வீட்டுக்காரரிடம் வாதாடினேன். வாதாடுகிற சாக்கில் அவரிடமும் அந்த ரகசியத்தைச் சொல்லிவிட்டேன். அது இரண்டாவது முறை என்பது அன்றைக்கு உறைக்கவில்லை.

பிரசங்கம் பேசப் போகிறேன் என்றதும் அவர் கேட்ட முதல் கேள்வி அதுதான். சிமெண்ட் ஆலையில் ஷிப்ட் முடிந்து வந்து, தலையில் இருந்த தூசியைத் தட்டிக்கொண்டே, "அந்தம்மா எந்திரிச்சா என்ன பண்ணுவ?" என்றார்.

"இருவது வருசமா ஒருத்தரும் எந்திரிச்சதில்ல."

"இருவது வருசமா ஒன்ன மாதிரி ஒருத்தரும் ஏறுனதில்லையே."

எனக்குச் சிரிப்பு வரவில்லை. அந்த மூன்று வாரமும் பிரசங்கத்துக்குக் குறிப்பு எழுத உட்கார்ந்தால், அக்கா எழுந்தால் என்ன சொல்வது என்பதுதான் பேனாவில் வந்தது. ஒரு நாள் நியாயம் பேசி எழுதினேன். மறுநாள் அதைக் கிழித்துவிட்டு மன்னிப்பாக எழுதினேன். அடுத்த தெரு வரை நடந்து போய் அவர் வீட்டு வாசலில் நின்று சொல்லியிருந்தால் இரண்டு நிமிஷ வேலை. அதை மட்டும் செய்யவில்லை. சபைக்கு முன்னால் தலை குனிய வேண்டி வருமோ என்றுதான் பயந்தேனே ஒழிய, அந்தப் பெண்ணைப் பற்றி ஒரு நாளும் நினைக்கவில்லை. இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது.

சனிக்கிழமை கோவிலைச் சுத்தம் செய்யப் பெண்கள் எல்லோரும் கூடினோம். சுண்ணாம்புக்கல் லாரிகள் போகிற ரோடு என்பதால் ஜன்னலிலும் பெஞ்சிலும் எப்போதும் வெள்ளைத் தூசி படிந்திருக்கும். அக்கா ஈரத்துணியால் பெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டு வந்தார். நான் பக்கத்துப் பெஞ்சைத் துடைக்கிற மாதிரி போய் நின்றேன்.

"அக்கா, நாளைக்கு நான்தான் பேசுறேன்."

"தெரியும். வாசல்ல பேனர் வச்சிருக்கு."

மூன்று வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. துணியைப் பிழிந்துகொண்டு அடுத்த பெஞ்சுக்குப் போய்விட்டார். அவர் முகத்தில் கோபம் இருந்ததா என்று எவ்வளவு பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோவில் நிறைந்துவிட்டது. அரியலூர், திருச்சி, சென்னை என்று வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டவர்கள் பிள்ளைகுட்டிகளோடு வந்திருந்தார்கள். ஒரு காலத்தில் அடுத்தவர் வயலில் நாற்று நட்ட குடும்பங்கள்தான் எல்லாம். இன்றைக்கு அதில் நர்ஸ் இருக்கிறார், வக்கீல் இருக்கிறார், லாரி வைத்து ஓட்டுகிறவர் இருக்கிறார். அக்கா பெண்கள் பக்கம் மூன்றாவது பெஞ்சில் ஓரமாக உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் மகள். அவளுக்கு இன்னும் கல்யாணம் ஆகவில்லை. ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராக இருக்கிறாள்.

பிரசங்கத்துக்கு முந்தின பாட்டு முடிந்தது. எல்லோரும் உட்கார்ந்தார்கள். நான் போய்க் கீழ்ப்படியில் நின்றேன். கையிலிருந்த காகிதம் வியர்வையில் ஒட்டிக்கொண்டது.

"என்மேல் யாருக்காவது மனக்குறை உண்டா?"

எல்லோரும் வழக்கம் போல முன்னால் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மற்றவர்கள் மாதிரி கடகடவென்று கேட்டு முடித்துவிடலாம் என்றுதான் இருந்தேன். நாக்கு ஒத்துழைக்கவில்லை.

இரண்டாவது முறை கேட்டேன். அக்கா வலது கையைத் தூக்கி முன் பெஞ்சின் முதுகைப் பிடித்தார். முழங்கால் வலி உள்ளவர்கள் எழுவதற்கு முன்னால் அப்படித்தான் பிடிப்பார்கள். எழுதி வைத்த நியாயம், மன்னிப்பு இரண்டும் மறந்துபோயின. மகள் அம்மாவின் முகத்தைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அம்மாவின் மடியில் தன் கையை வைத்தாள்.

மூன்றாவது முறை வாய் அசைந்ததே தவிர சத்தம் வரவில்லை. பின்னாலிருந்து யாரோ, "கேக்கலம்மா, சத்தமாக் கேளுங்க" என்றார்கள். சத்தமாகக் கேட்டேன். அக்கா என்னை நேராகப் பார்த்தார். எவ்வளவு நேரம் என்று தெரியாது, ஐயர் தொண்டையைச் செருமுகிற வரைக்கும். பிறகு பெஞ்சிலிருந்து கையை எடுத்துவிட்டுக் குனிந்து பாட்டுப் புத்தகத்தைத் திறந்தார்.

நான் படியேறினேன். அன்றைக்கு நன்றாகத்தான் பேசினேன், பொய்யடக்கம் எதற்கு. பயம் விட்டுப்போன சந்தோஷத்தில் வார்த்தை தானாக வந்தது. ஏர் ஓட்டியவர் காதால் கேட்டே வேதத்தை மனதில் ஏற்றிக்கொண்டதைச் சொன்னபோது ஆண்கள் பக்கத்திலேயே இரண்டு மூன்று பேர் கண்ணைத் துடைத்தார்கள். அக்கா என்னை மன்னித்துவிட்டார் என்று எனக்குச் சந்தேகமே இல்லை. முடிக்கும்போது குறிப்பில் இல்லாத ஒன்றைச் சேர்த்தேன். ஆட்டுக்காரப் பங்காளியைப் போல மன்னிக்கத் தெரிந்தவர்கள் இந்தச் சபையில் இன்றும் இருக்கிறார்கள் என்று, மூன்றாவது பெஞ்சைப் பார்த்துச் சொன்னேன்.

ஆராதனை முடிந்து கோவிலுக்குப் பின்னால் பந்தலில் சாப்பாடு. பார்த்தவர்கள் எல்லாம் என் கையைப் பிடித்துப் பாராட்டினார்கள். அக்கா சாப்பிட்டுவிட்டுக் குழாயடிக்குப் போவதைப் பார்த்ததும் பின்னாலேயே போனேன்.

"அக்கா, நீங்க எந்திரிக்கல. அது போதும்க்கா எனக்கு. பெரிய மனசுக்கா ஒங்களுக்கு."

அக்கா கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு சுற்றிலும் பார்த்தார். பக்கத்தில் ஆள் இல்லை என்று தெரிந்த பிறகுதான் பேசினார். குரல் உயரவில்லை.

"எந்திரிச்சிருப்பேன். எந்திரிச்சா என்ன கொறன்னு சொல்லணும்ல? எம் பொண்ணுக்கு வலிப்புன்னு அத்தன பேருக்கு முன்னாடி என் வாயாலயே சொல்லணும்ல?"

மூன்று வாரம் இதையே நினைத்துக்கொண்டிருந்தேன், இந்த ஒன்று மட்டும் என் புத்திக்கு எட்டவில்லை.

"ஓல வாசிக்கிறதுக்கு முன்னாடி மாப்பிளகிட்டச் சொல்லிடணும்னு அதுவாத்தான் முடிவு பண்ணுச்சு. ஞாயித்துக்கெழம வர்றாரும்மா, நேர்ல நானே சொல்றேன்னுச்சு. எப்புடிச் சொல்றதுன்னு எழுதிக்கூட வச்சிருந்துச்சு. நீங்க வியாழக்கெழமையே சொல்லிட்டீங்க."

வா புள்ள, போ புள்ள என்று கூப்பிட்டவர் என்னை நீங்க என்றார். மூன்று வருஷமாக வராத வார்த்தை அப்போதுதான் வந்தது.

"தப்புப் பண்ணிட்டேன்க்கா."

பந்தல் பக்கமிருந்து இரண்டு பேர் கை கழுவ வந்துகொண்டிருந்தார்கள். அக்கா அவர்களைப் பார்த்துவிட்டு, எனக்கு மட்டும் கேட்கிற மாதிரி சொன்னார்.

"சத்தமாச் சொல்லாதீங்க. என்ன தப்புன்னு கேப்பாங்க."