நெத்திலித் தலையும் சைக்கிள் காற்றும்

தமிழ் தெரியாத ஒருத்தியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு தமிழ்ப் படம் பார்க்கிற கொடுமை என் எதிரிக்கும் வரக்கூடாது.

மலாக்காவில், காஜா பெராங்கில் எங்கள் அடுத்த வீட்டுக்காரி மலாக்காச் செட்டிப் பெண்; எந்தக் காலத்திலோ வந்து மலாய்க்காரர்களோடு கலந்துவிட்ட தமிழர் வம்சம். என் வயதுதான். நாங்கள் கும்பிடும் சாமியைத்தான் அவளும் கும்பிடுவாள். பொங்கலன்று எங்களுக்கு முன்னால் அவள் வீட்டுப் பானை பொங்கிவிடும். தமிழ் மட்டும் நாலு வார்த்தைதான் தெரியும், மற்றதெல்லாம் மலாய். மெர்டேக்கா என்று நாடு சுதந்திரம் வாங்கிய புதிதில் கல்லூரிப் பிள்ளைகளின் கலாட்டாப் படம் ஒன்று எங்கள் ஊருக்கு வந்தது. நானும் வருவேன் என்று ஒற்றைக்காலில் நின்றாள்.

நான் நிம்மதியாகச் சிரித்துவிட்டு வரலாம் என்று போனவள். வீட்டில் சிரிக்கிற நிலைமை இல்லை. ஈப்போவிலிருந்து ஒரு மாப்பிள்ளை வீட்டார் அந்த ஞாயிறு என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்தது. "வரச் சொல்லட்டுமா?" என்று அப்பா கேட்டார். "சரிப்பா" என்று சொல்லிவிட்டேன். அன்று மதியம் நான் வைத்த சம்பலில் நெத்திலியைக் காணோம், வெறும் தலையாகக் கிடக்கிறது என்று அம்மா வேறு திட்டித் தீர்த்தாள்.

படத்தில் கதாநாயகி அப்பா செல்லம். அவள் "அப்பா" என்று கூப்பிடும் போதெல்லாம் இவள் "ஆப்பா?" என்பாள். மலாயில் அதற்கு 'என்ன?' என்று அர்த்தம். முன் வரிசைக்காரர் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார். "ஏம்மா, ஒங்கப்பாவ காணோமா? வெளிய போய்த் தேடேன்!" எனக்கு மானம் போனது. நான் ஒரு சிரிப்பை மலாயில் சொல்லி முடிப்பதற்குள் ஊரே சிரித்து ஓய்ந்து அடுத்ததற்குப் போயிருக்கும்.

கதை பெரிதாக ஒன்றுமில்லை. கதாநாயகனின் சைக்கிளில் யாரோ தினமும் காற்றைப் பிடுங்கிவிடுகிறார்கள். அவன் அதைத் தள்ளிக்கொண்டு வீட்டுக்கு நடப்பான். கதாநாயகி கேலி பேசிக்கொண்டே கூட நடப்பாள். கடைசியில் குண்டுத் தோழன் ஒருவன் "நான்தான் பிடுங்கினேன்" என்று ஒத்துக்கொண்டு உதை வாங்குவான்.

வெளியே வந்ததும் இவள், "காற்றைப் பிடுங்கியது அந்தப் பெண்தான்" என்றாள்.

"அவன் வாயாலேயே சொன்னானே!"

"அவன் சொன்னது எனக்கு எங்கே புரிந்தது? நான் கையைப் பார்த்தேன்."

துக்காங் எமாஸ் தெருப் பிள்ளையார் கோயில் வரைக்கும் சண்டை. தான் பிடித்த முயலுக்கு மூன்றே கால் என்று நின்றாள். அவள் மூக்கை உடைக்கவே மறுநாளும் அவளை இழுத்துக்கொண்டு அதே படத்துக்குப் போனேன்.

குண்டன் வேட்டி அவிழச் சாக்கடையில் விழுகிற இடம் வந்தது. எல்லாரும் அவனைப் பார்த்துச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். இவள் என் தாடையைப் பிடித்துத் திரையின் ஓரத்துக்குத் திருப்பினாள். அங்கே கதாநாயகி, அழுக்கான விரல்களைத் தாவணியில் அவசரமாகத் துடைத்துக்கொண்டிருந்தாள். வசனம் கிடையாது. அவனோடு நடக்க வேண்டும் என்பதற்காகத் தினமும் காற்றைப் பிடுங்கியிருக்கிறாள்! குண்டன் வாயால் சொன்னது பொய். அதை அந்த மூலையில் ஒளித்து வைத்த மகராசன் யாரோ, அவனுக்கு ஒரு கும்பிடு போடலாம். இவளைத்தான் கிள்ள வேண்டும்போல இருந்தது.

"நீ சொன்னதுதான்" என்றேன், வேண்டாவெறுப்பாக.

வீட்டுக்கு நடக்கையில், "நீயும் அந்தக் குண்டன் மாதிரிதான்" என்றாள்.

"ஆப்பா?" என்றேன், இந்தத் தடவை நான்.

"உன் அப்பா வந்து ஏதோ கேட்டாரே, அப்போது நான் உங்கள் அடுப்படியில்தான் இருந்தேன். நீ 'சரி' என்றாய். அது எனக்குத் தெரிந்த வார்த்தை. அப்புறம் நெத்திலியைக் குப்பையில் போட்டாய், கிள்ளிய தலையைச் சட்டியில் போட்டாய். முழுக்க அப்படியே."

வாயை மூடு என்று கத்தினேன். எனக்கு அழுகை வந்தது. அந்தக் கல்யாணத்தில் எனக்கு இஷ்டமே இல்லை. அந்தத் தலைகளை அம்மா பார்த்தாள், திட்டினாள். அப்பா ஒதுக்கி வைத்துவிட்டுச் சாப்பிட்டார். என்ன என்று ஒருவரும் கேட்கவில்லை.

வாசலில் அப்பா செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

"அப்பா" என்றேன்.

வேலிக்கு அந்தப் பக்கம் தன் வீட்டு வாசலில் நின்றிருந்த அந்தக் கழுதை, "ஆப்பா?" என்றது.

"ஞாயித்துக்கிழமை அவங்க வர வேணாம்பா" என்றேன்.