சுவரில் இருந்த புடலை விதை

அப்பாவுக்கு மயிலாப்பூரில் எந்தச் சந்து எங்கே போய் முட்டும் என்று தெரியும். சொந்த வீட்டுக் கொல்லையில் என்ன இருக்கிறது என்று தெரியாது. குளிக்கக் கிணற்றடி வரை வருவார். அதற்கு அப்பால் எல்லாம் அம்மாவின் ராஜ்யம்.

அதில் புடலைப் பந்தல்தான் பிரதானம். கல்யாணமாகி வந்தபோது அம்மா பிறந்தகத்திலிருந்து கொண்டுவந்த விதை. வருஷா வருஷம் ஒரு காயை விதைக்கென்று கொடியிலேயே விட்டுவிடுவாள். அது செக்கச்செவேலென்று பழுத்ததும் விதையை எடுத்துச் சாம்பலில் புரட்டி, சாணத்துக்குள் பொதிந்து, பின்கட்டுத் தாழ்வாரச் சுவரில் வறட்டி மாதிரி தட்டிவிடுவாள். பூச்சி கிட்டே வராது. ஆடி பிறந்ததும் உதிர்த்து ஊன்ற வேண்டியதுதான். புடலங்காய்க் கூட்டு என்றால் அப்பா ஒரு பிடி சோறு அதிகம் சாப்பிடுவார். அது எங்கிருந்து வருகிறது என்று கேட்டதே இல்லை, மகானுபாவர்.

ஒரு ஆனி மாதம் அம்மா ஜுரமாகப் படுத்தாள். மாம்பலத்தில் வாழ்க்கைப்பட்டிருந்த நான் வந்து கூடவே இருந்தேன். நினைவு தெளிந்த ஒரு காலையில், "நான் எழுந்துக்காட்டா நீ ஊனிடு. சுவத்துல இருக்கு, விட்டுடாதே" என்றாள்.

"நீயே ஊனலாம், பேசாம படுத்துக்கோ" என்று அதட்டினேன். மறுநாள் போய்விட்டாள்.

அன்று விடாத மழை. விறகுத் தொட்டியிலிருந்து வந்த கட்டையெல்லாம் ஈரம். சிதைக்குக் காய்ந்த வறட்டி கிடைக்காமல் ஆளுக்கொரு பக்கம் அலைந்தார்கள். அம்மாவை எடுத்துக்கொண்டு போன பிறகு நான் ஸ்நானத்துக்குக் கிணற்றடிக்குப் போனேன். தாழ்வாரச் சுவர் மொட்டையாக இருந்தது. வட்ட வட்டமாகத் தழும்புதான் மிச்சம்.

"உங்கப்பாதான் பேத்துக் கூடையில போட்டுண்டார். நல்ல வேளை, இதாவது காஞ்சிருக்கேன்னார்" என்றாள் பக்கத்து வீட்டு மாமி.

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதேன். மாமி முதுகைத் தடவிக்கொடுத்தாள். அம்மா கேட்டுக்கொண்ட ஒரே ஒரு காரியமும் அவளோடு எரிந்துகொண்டிருந்தது என்று மாமிக்கு எப்படித் தெரியும்?

ஆடியில் அம்மாவின் முதல் மாசத் திதிக்கு, மாசிகத்துக்கு, வந்தேன். அப்பா அதிசயமாகக் கிணற்றைத் தாண்டிப் போய், பந்தலடியில் தன் கையாலேயே கொத்திவைத்திருந்தார். வேட்டியெல்லாம் மண்.

"ஏண்டி, புடலை விதையை உங்கம்மா எங்க வச்சிருக்கா? வீடு பூரா தேடிட்டேன்."

அந்த முகத்தைப் பார்த்துக்கொண்டு உண்மையைச் சொல்ல எனக்கு மனசு வரவில்லை.

"எலி இழுத்துண்டு போயிடுத்துப்பா."

அப்பா மண்வெட்டியைக் கீழே போட்டார்.

"ஒரு விதையைப் பத்திரமா வைக்கத் தெரியலையே அவளுக்கு" என்றார்.