முகத்துக்கு எத்தனை மதிப்பெண்

எனக்குக் கோபம் மூக்கு நுனியில். தில்லியில் ஓர் அரசு மருத்துவமனையில் ஸ்கேன் டாக்டராக இருந்துகொண்டு அதை அடக்கப் படாத பாடு பட்டிருக்கிறேன். அன்று அடக்கவில்லை.

பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்களுக்கு மதிப்பெண் போடுவதும் என் வேலை. அவர்கள் ஸ்கேன் எடுப்பார்கள். நான் பக்கத்தில் கைகட்டி உட்கார்ந்து பார்க்க வேண்டும். வயிற்றின்மேல் வைத்து நகர்த்தும் புரோபைச் சரியாகப் பிடிக்கிறார்களா, குழந்தையின் தலையையும் தொடை எலும்பையும் ஒழுங்காக அளக்கிறார்களா, நோயாளியிடம் எப்படிப் பேசுகிறார்கள், எல்லாவற்றுக்கும் தாளில் கட்டம் உண்டு. அன்று வந்தவள் தில்லியிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கெட்டிக்காரி.

படுக்கையில் இருந்தவளும் தமிழ்தான், சேலத்துப் பக்கம். புருஷனோடு கட்டட வேலை. ஏழு மாதம். வீட்டில் ஏற்கெனவே இரண்டு பெண் குழந்தைகள். அவள் நடுங்குவதைப் பார்த்து, ஸ்கேன் முடிந்ததும் பயிற்சிக்கு வந்த எங்கள் பெண் அவள் கன்னத்தைத் தடவி, "டரோ மத், பயப்படாதீங்க அக்கா, பேபி நல்லா இருக்கு" என்றாள். அன்பாகப் பேசுவதற்கான கட்டத்தில் முழு மதிப்பெண் போட்டேன். மடச்சி நான்.

குழந்தை ஆணா பெண்ணா என்று சொல்வது சட்டப்படி குற்றம். நாங்கள் சொல்வதில்லை. அதனால் வெளியே காத்திருப்பவர்கள் எங்கள் முகத்தைப் படிக்கிறார்கள். இவளுடைய மாமியார் கதவிடுக்கில் நின்று பார்த்திருக்கிறாள். "மூணாவதும் பொட்டதான்டா. பாவம்னு அந்த டாக்டருப் பொண்ணு கன்னத்தத் தடவுதே!" என்று அவள் மகனிடம் சொன்னது உள்ளே எனக்கே கேட்டது.

அடுத்துக் கேட்டது அலறல். ஓடினேன். வெளியே போய் உட்கார்ந்தவளை முடியைப் பிடித்து பெஞ்சிலிருந்து இழுத்துப் போட்டு, வயிற்றில் மிதித்துக்கொண்டிருந்தான் புருஷன். சுற்றிலும் கூட்டம். ஒருத்தன் மொபைலில் படம் எடுக்கிறான், நாசமாய்ப் போக! என் செருப்பைக் கழற்றிப் புருஷன் மூஞ்சியில் அடித்தேன். மூக்கில் ரத்தம் வந்தது. மறுபடியும் அடித்தேன். "பஸ் மேடம், பஸ்!" என்று, போதும் போதுமென இந்தியில் கத்தியபடி காவலாளி முதலில் பிடித்தது என்னைத்தான்.

அவளை உள்ளே தூக்கி வந்து கதவைச் சாத்தினோம். புரோபை எடுத்தேன். ஆத்திரத்தில் கண்டபடி அழுத்தினேன். திரையில் படம் நிற்கவே இல்லை. எங்கள் பெண்ணிடம் கொடுத்து, "நீயே பாரு. மூஞ்சில ஒண்ணும் காட்டித் தொலைக்காதே" என்று சீறினேன்.

அவள் சொன்னபடி கேட்டாள். மூஞ்சி கல்லு மாதிரி இருந்தது.

"உசுரு இருக்குதா கண்ணு?" என்று கேட்டாள் படுத்திருந்தவள்.

எங்கள் பெண் புரோபை நகர்த்திக்கொண்டே இருந்தாள்.

"சொல்லு சாமி, இருக்குதா?"

திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை எங்கள் பெண். குழந்தை போய்விட்டது என்றே படுத்திருந்தவள் நினைத்துவிட்டாள். "ஐயோ!" என்று கட்டில் கம்பியில் தலையை மோதிக்கொண்டாள். அமுக்கிப் பிடித்தேன். என் கையைக் கடித்தாள்.

"வாயத் தொறந்து சொல்லுடி!" என்று எங்கள் பெண்ணைப் பார்த்துக் கத்தினேன்.

"இருக்கு! இருக்கு அக்கா!" அழுதுகொண்டே திரையை அவள் பக்கம் திருப்பினாள். இதயம் துடித்துக்கொண்டிருந்தது. நஞ்சுக்கொடிக்குப் பின்னால் கொஞ்சம் ரத்தம் கட்டியிருந்தது, உடனே வார்டில் சேர்க்க வேண்டும். எனக்கு அப்பாடா என்று இருந்தது. போலீசுக்குச் சொல்லியாகிவிட்டது, இனி அவனால் உன்னை ஒன்றும் செய்ய முடியாது என்றேன்.

அவள் திரையைப் பார்க்கவில்லை. கடித்த கையையே பிடித்துக்கொண்டாள்.

"போலீசெல்லாம் வேணாங்க. ஆம்பளப் புள்ளைன்னு ஒரே ஒரு பொய் சொல்லிடுங்க டாக்டரம்மா. என் புள்ளைங்க ரெண்டும் அவங்க ஊட்டுலதானுங்க இருக்குதுங்க."

வெளியே மாமியார் கதவைப் படபடவென்று தட்டினாள். எங்கள் பெண் என்னைப் பார்த்தாள். எந்த முகத்தோடு கதவைத் திறப்பது என்று தெரியாமல் நின்றேன்.