ஒரே போக்கில் துடைத்த கண்ணாடி

தீப்பெட்டி நீளம்கூட இல்லாத அந்தக் கண்ணாடித் தகடுகள் இன்னும் கண்ணுக்குள் நிற்கின்றன. அவற்றைக் கழுவி, வெல்வெட் துண்டால் துடைத்து அடுக்குவதுதான் கல்லூரி ஆய்வகத்தில் எனக்கு வேலை. அதற்கு முன் குலசேகரத்தில் ரப்பர் பால் உறைய ஊற்றும் தட்டுகளைத் துடைத்துக்கொண்டிருந்தேன். மேலிருந்து கீழாக ஒரே போக்கில்தான் துடைக்கச் சொல்லுவார்கள். அந்தக் கைப்பழக்கம் கண்ணாடிக்கும் வந்துவிட்டது.

அங்கே கணக்கு சொல்லித் தந்த டீச்சர் அப்போது டாக்டர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தார். கால்குலேட்டர் திரைக்குள் இருக்கிற திரவப் படிகத்தை ஒரு சொட்டு விட்டால், அது கண்ணாடியில் மெல்லிய ஏடாக எப்படிப் பரவும் என்று முன்கூட்டியே கணக்கில் எழுத வேண்டும். சொட்டு விட்டுப் பார்த்தால், வட்டமாகப் பரவ வேண்டியது வெள்ளரி விதைபோல நீண்டுபோனது. ஒரு திசையில் வேகம் கூடுகிறது என்று டீச்சர் சமன்பாட்டை மாற்றினார், அளவெல்லாம் பொருந்தியது. வழிகாட்டியான சார்தான் ஒப்புக்கொள்ளவில்லை. "வெறும் கண்ணாடிக்கு ஏதும்மா திசை?" என்று தாள்களைத் திருப்பி எறிந்தார்.

டீச்சர் அழுவதைப் பார்க்கப் பொறுக்காமல் ஒருநாள் சொன்னேன். "டீச்சர், நான் தொடச்ச பக்கமாத்தான் அது நீளுது. தகட்டத் திருப்பி வச்சா அதுவும் கூடத் திரும்புது."

"எக்கா, இத இவ்வளவு நாளும் வயித்துக்குள்ளயா வச்சிருந்திய!" என்று கட்டிக்கொண்டு, கையோடு சாரிடம் இழுத்துப்போனார்.

அங்கே இன்னும் நாலைந்து பேர் இருந்தார்கள். நான் கண்டதை டீச்சர் எடுத்துச் சொன்னார். "அஞ்சாங்கிளாசு படிச்சது கணக்கு சொல்லித் தர வந்திருக்கு" என்றார் சார். எல்லோரும் சிரித்தார்கள். "ஏட்டி, நீ எப்படித் தொடைப்ப?"

இத்தனை நாள் தகடுகளைக் கெடுத்தவள் என்று வேலையை விட்டு நிறுத்திவிடுவாரோ என்று பயம். அதைவிட, அத்தனை முகங்கள்.

"வட்டமாத்தான் சார்."

டீச்சர் என்னைப் பார்த்தார். சார் அவரைப் பார்த்தார். "வேலைக்காரிக்குப் பாடம் சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்க, என்னா?"

பொய்க் கணக்கு என்று பேராகிவிட்டது. ஆய்வகத்துக்குள் டீச்சரை விடவில்லை, ஆராய்ச்சியும் நின்றுபோனது. நான் ஓய்வு பெறும்வரை ஒரே போக்கில்தான் துடைத்தேன். ஒருவரும் கேட்கவில்லை.

போன மாதம் கருங்கல் போகிற பஸ்ஸில் என் பக்கத்து இருக்கையில் டீச்சர் வந்து உட்கார்ந்தார். தலை முழுக்க வெள்ளை. பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாராம். எப்படித்தான் வாய் வந்ததோ, "டீச்சர், அண்ணைக்கு நான் பொய் சொல்லிட்டேன்" என்றேன்.

"எனக்குத் தெரிஞ்சத எனக்கே சொல்லுதியளே எக்கா. கேக்க வேண்டியவரு செத்தும் போயாச்சு" என்றுவிட்டு ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கருங்கல் வர இன்னும் ஏழு நிறுத்தம் இருந்தது.