மேல் கீழ் தெரியாத முப்பத்தொரு முட்டைகள்

எங்கள் கடலாமை ஆய்வு நிலையத்தில் அவர் எல்லோருக்கும் பென்சிலக்காதான். பதினேழு வருடமாகக் களப் பணியாளர். ஆமை முட்டையிட்ட குழிகளைத் தேடிக் குறிப்பது, வலையில் சிக்கி மூச்சுமுட்டிச் செத்து ஒதுங்கும் ஆமைகளை நாடா வைத்து அளப்பது, மணலுக்குள் வெப்பமானி புதைப்பது எல்லாம் அவர் வேலை. அவர் கொண்டுவரும் எண்களைக் கணினியில் ஏற்றுவது என் வேலை. கால் நனையாமல் கடல் ஆராய்ச்சி செய்கிறவன் என்று என்னைக் கிண்டல் செய்வார்.

பென்சில் எதற்கு என்று சொல்லிவிடுகிறேன். முட்டையிட்ட சில மணி நேரத்தில் உள்ளேயிருக்கும் கரு ஓட்டின் மேல்பக்கத்தில் ஒட்டிக்கொள்ளும். அதன் பிறகு சில வாரங்களுக்கு முட்டையைப் புரட்டினால் போச்சு, கரு செத்துவிடும். குழியை இடம் மாற்ற நேர்ந்தால், அக்கா ஒவ்வொரு முட்டையின் உச்சியிலும் பென்சிலால் சிறு வட்டம் போட்ட பிறகுதான் கையில் எடுப்பார். சீக்கிரம் என்று யாராவது வாயைத் திறந்தால் திட்டு விழும்.

அந்த வருடம், மணல் சூடேறுவதால் எத்தனை முட்டைகள் பொரிக்காமல் போகின்றன என்பதுதான் ஆராய்ச்சி. ஒன்பதாம் குழியில் நூற்றுநான்கு முட்டைகள். பதினெட்டாம் நாள் காலை, கடல் கரையை அரித்துக்கொண்டு அந்தக் குழிக்கு மூன்றடி தூரம் வரை வந்துவிட்டது. துணைக்கு ஆள் வரட்டும் என்று காத்திருக்க நேரமில்லை. அக்கா தனியாகப் போய், எழுபத்துமூன்று முட்டைகளுக்கு வட்டம் போட்டுப் பெட்டியில் அடுக்கிவிட்டார். அப்போது போன் அடித்தது. வீட்டுக்காரர்.

"வாஷிங் மெஷின் ரிப்பேர்காரர் வந்திருக்கார். வாரண்டி சீட்டை எங்க வச்சே?"

"பீரோல, மேல் தட்டுல."

"அங்க இல்லையே."

"கண்ணைத் தொறந்து பாருங்க!"

இந்த அக்கப்போர் இரண்டு நிமிடம். அதற்குள் ஒரு பெரிய அலை குழிக்குள் விழுந்தது. மிச்சமிருந்த முப்பத்தொரு முட்டைகளும் தண்ணீரில் உருண்டன. அக்கா இரண்டு கையாலும் வாரிப் பெட்டியில் போட்டார். எது மேல், எது கீழ் என்று கடவுளுக்குத்தான் தெரியும். மேட்டில் எழுபத்துமூன்றை ஒரு குழியிலும் முப்பத்தொன்றைப் பக்கத்துக் குழியிலும் புதைத்துவிட்டு நிலையத்துக்கு வந்தார்.

படிவத்தில் 'முட்டை புரண்டதா?' என்ற கட்டம் காலியாக இருந்தது. கேட்டேன்.

"அப்புறம் எழுதறேன்," என்றார், என் முகத்தைப் பார்க்காமல்.

காலியாக விட்டால் கணினி 'இல்லை' என்று எடுத்துக்கொள்ளும். முட்டைகள் செத்தால் பழி வெப்பத்தின் மேல் விழும். அது அக்காவுக்கும் தெரியும். மூன்று நாள் சாப்பாட்டு டப்பாவைத் திறந்து மூடியதோடு சரி. நான்காம் நாள் தாங்க முடியாமல், எங்கள் தலைமை ஆய்வாளரான டாக்டரம்மாவிடம் போய்ச் சொல்லிவிட்டார்.

"அன்னைக்கே சொல்லியிருக்கணும்க்கா."

"பயமா இருந்துச்சும்மா. முப்பத்தொரு உயிரு."

அதன் பிறகும் அக்காவுக்கு நிம்மதி வரவில்லை. தினமும் காலையில் அந்த மணல் மேல் உள்ளங்கையை வைத்துப் பார்ப்பார். வைத்தால் மட்டும் என்ன தெரியப்போகிறது? எனக்கே எரிச்சலாக வந்தது. ஆனால் நானும் தினமும், "ஏதாவது தெரியுதாக்கா?" என்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

ஐம்பத்திரண்டாம் நாள் பெரிய குழியிலிருந்து அறுபத்தாறு குஞ்சுகள் கடலுக்குப் போயின. பக்கத்துக் குழியில் மணல் அசையவில்லை. ஐம்பத்தைந்து, ஐம்பத்தெட்டு, அறுபது. அறுபத்தோராம் நாள் தோண்டினோம். முப்பத்தொன்றும் அப்படியே கிடந்தன.

கரு எந்தக் கட்டத்தில் செத்தது என்று அறிய ஒவ்வொன்றையும் கீறிப் பார்க்க வேண்டும். நானே கீறுகிறேன் என்றார் அக்கா. முதல் முட்டையில் ஒரு ரத்தப் பொட்டு, அவ்வளவுதான். இரண்டாவதிலும் அதேதான். இருபத்தேழு முட்டைகள் அப்படியே.

"இதெல்லாம் முதல் வாரத்திலயே போனது," என்றார் டாக்டரம்மா. "அடியில உப்புத்தண்ணி இறங்கியிருக்கு. நீங்க தொடறதுக்கு முன்னாடியே உயிர் இல்லக்கா."

எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அக்கா அடுத்த முட்டைக்குக் கையை நீட்டினார். மிச்சம் நான்கு இருந்தன. நான்கிலும் கருவுக்குக் கறுப்பாக இரண்டு கண்கள் வந்திருந்தன. பதினெட்டு நாள் வளர்ச்சி, அலையில் உருண்ட நாள் வரை.

"நாலுதானேக்கா, விடுங்க," என்றேன்.

அக்கா என்னைப் பார்த்த பார்வையை மறக்க மாட்டேன். படிவத்தை எடுத்து, காரணம் என்ற இடத்தில் நான்கு முறை எழுதினார்: 'என் கை.'

கணினியில் அதை ஏற்ற வழியில்லை. வெப்பம், உப்புநீர், நண்டு, பூஞ்சை என்று நான்கு காரணங்கள்தான் பட்டியலில் உண்டு. டாக்டரம்மாவிடம் கேட்டு ஐந்தாவதாக 'பணியாளர் கை' என்று ஒரு வரி சேர்த்தேன்.

அடுத்த பருவத்தில் அந்த வரியில் பத்தொன்பது முட்டைகள் சேர்ந்தன. அக்காவுடையது ஒன்றுகூட இல்லை. மற்ற களப் பணியாளர்கள் ஒவ்வொருவராக வந்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு, என் மேசையில் படிவத்தை வைத்துவிட்டுப் போனார்கள். முந்தைய வருடங்களில் இப்படிப்பட்ட முட்டைகளெல்லாம் எங்கே போயின என்று நான் யாரையும் கேட்கவில்லை. வெப்பம் என்ற வரியில் அவற்றை ஏற்றியவன் நான்தான்.