தண்ணீரின் அளவைக் கேட்ட அக்கா

மைக்கை எப்படிப் பிடிப்பது என்று அந்த அக்காவுக்குத் தெரியவில்லை. வாயிலிருந்து ஒரு முழம் தள்ளி, நெஞ்சுக்கு நேராகப் பிடித்திருந்தார். ஆனாலும் பாகூர்ப் பக்கத்துக் கல்யாண மண்டபத்தின் கடைசி வரிசை வரை அவர் குரல் கேட்டது.

வெளிநாடுகளுக்கு மருந்து மூலப்பொருள் அனுப்பும் தொழிற்சாலையில் எனக்கு வேலை. ஆர்டர்கள் குவிந்ததால் அதைப் பெரிதாக்க நினைத்தார்கள். அதற்காகச் சட்டப்படி ஊர்மக்களின் கருத்தைக் கேட்கும் கூட்டத்தை அந்த மண்டபத்தில் ஆட்சியர் நடத்தினார். கம்பெனி சார்பில் பேச மேடையில் உட்கார்ந்திருந்தவன் நான். வேலைவாய்ப்பைப் பற்றிப் பேசு, போர்வெல் பக்கம் போகாதே என்று மேலாளர் முந்தின நாளே சொல்லியிருந்தார்.

அந்த அக்கா எங்கள் கம்பெனியிலேயே ஒப்பந்தக் கூலிக்குக் கூட்டிப் பெருக்குபவர். அதற்கு முன் அதே ஊர் வயல்களில் நடவு நட்டவர். சொந்தமாகக் காணி நிலம் கிடையாது. நிலக்காரர்கள் வாயைத் திறக்காமல் இருந்தபோது அவர்தான் எழுந்தார்.

"கம்பெனி வேணாம்னு சொல்லலீங்க. என் சோறே அங்கதான். ஒரு நாளைக்கு எவ்ளோ தண்ணி எடுப்பீங்க? நீங்க குடுத்த திட்டப் பொஸ்தகம் மொத்தமும் இங்கிலீசுல இருக்குது. தமிழ்ல சொல்லுங்க."

முதல் வரிசையிலிருந்து மேலாளர் என்னைப் பார்த்தார். அக்காவும் என்னைத்தான் பார்த்தார். தினமும் காலையில் என் மேசையைத் துடைத்துவிட்டு ஒரு சொல் பேசாமல் போகிறவர். வேலை போகும் என்று தெரியாமலா எழுந்திருப்பார்? அந்த நினைப்பு வந்தபின் எனக்குச் சுற்றிவளைக்க வாய் வரவில்லை. அளவைச் சொன்னேன். ஆட்சியர் அக்காவின் பெயரைக் கேட்டு, கேள்வியையும் பதிலையும் தன் கையாலேயே எழுதிக்கொண்டார்.

தொழிற்சாலை பெரிதானது, ஊர்ப் பிள்ளைகள் பலருக்கு வேலையும் கிடைத்தது. ஆனால் ஒரே ஒரு போர்வெல்லுக்குத்தான் அனுமதி. மீதிக்குக் கழிவுநீரைச் சுத்திகரித்துப் பயன்படுத்த வேண்டும் என்று உத்தரவு. அடுத்த மாத ஒப்பந்தப் பட்டியலில் அக்காவின் பெயர் இல்லை. இரண்டு முறை போய்க் கேட்டேன். அது கான்டிராக்டரின் விஷயம் என்றார்கள். மூன்றாம் முறை நான் போகவில்லை. புதிய சுத்திகரிப்பு நிலையத்துக்கு என்னையே பொறுப்பாளராக்கிச் சம்பளத்தையும் உயர்த்தியிருந்தார்கள்.

போன மாதம் வில்லியனூர் பேருந்து நிறுத்தத்தில் அவரைப் பார்த்தேன். இப்போது மூலக்குளத்தில் குடியிருக்கிறார். இரண்டு வீடுகளில் வேலை. அன்றைக்குப் பேசாமல் இருந்திருக்கலாம் என்று எப்போதாவது தோன்றியதா என்று தயங்கித்தான் கேட்டேன்.

"இன்னா சார் இப்படி கேட்டுட்டீங்க. எங்க அப்பன் பாட்டன் சொன்னத எவன் எழுதி வெச்சான்? நான் சொன்னத கலெக்டரு எழுதுனாரே."

பேருந்து வந்தது. படியில் கால் வைத்தபடி, ஊரில் கோடையிலும் கிணறு வற்றாமல் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். சிரித்துக்கொண்டே கூட்டத்துக்குள் ஏறிப் போனார்.