நாற்பத்தோராம் பக்கத்துக்கு ஓர் ஆட்சேபணை

காலை பத்தரைக்கு ஜோலார்பேட்டையில் ரயில் ஏறினேன். பெங்களூர் கண்டோன்மென்ட் சுமார் நூற்று நாற்பது கிலோமீட்டர். பையில், பிழைக்க வரும் தமிழர்களுக்காக நான் எழுதிய கன்னடப் பேச்சுப் புத்தகத்தின் தட்டச்சுப் பிரதி. கூடவே, எஸ்தர் கையெழுத்துப் போட வேண்டிய ஆட்சேபணையில்லாக் கடிதம். பெங்களூரில் நாங்கள் ஒரே கார்மென்ட்ஸ் கம்பெனியில் நாலு வருஷம் பக்கத்துப் பக்கத்து மெஷின். சாப்பாட்டு நேரத்தில் அவள் சொல்லித் தந்த கன்னடம்தான் புத்தகத்தில் பாதி. அவள் மறுத்தால் புத்தகத்தை என்னுடையது என்று எந்த முகத்தோடு பதிவேன்?

டெல்லியில் இருக்கும் பதிப்புரிமை அலுவலகம் எனக்கு விசித்திரமாகவே இருக்கிறது. எழுதியதுமே உரிமை வந்துவிடுகிறது. பதிவு என்பது நாளைக்கு வழக்கு வந்தால் காட்ட ஒரு சான்று. கட்டணம் ஐந்நூறு ரூபாய். பங்கு கேட்கக்கூடியவர்களுக்கு நாமே தகவல் சொல்ல வேண்டும். யாராவது மறுக்கிறார்களா என்று முப்பது நாள் காத்திருப்பார்கள். உண்மையில் யார் எழுதியது என்று அவர்களுக்கு எப்படித் தெரியும்? பாதி வழி தாண்டும்வரை இதே யோசனை.

மதியம் ஒன்று. எஸ்தர் வீட்டுக்குப் போக, ஆட்டோக்காரரிடம் என் புத்தகத்தின் முதல் வாக்கியத்தை எடுத்துவிட்டேன். "மர்பி டவுன்கே பர்தீரா?"

"வர்றேன் மேடம், நூத்தி இருபது குடுங்க" என்றார் அவர், சுத்தத் தமிழில். போச்சுடா!

நான் வந்த விஷயத்தைக் கேட்டு எஸ்தர் காபி போட்டுக்கொண்டே சிரித்தாள். "ஊரே பேசுற கன்னடம்டி. அதுக்கு என் சைன் எதுக்கு?" ஆனாலும் பக்கம் பக்கமாகப் புரட்டினாள். நாற்பத்தோராம் பக்கத்தில் கை நின்றது. ஆஸ்பத்திரி வாக்கியங்கள். 'குழந்தைக்கு மூச்சு விட முடியல, டாக்டரைக் கூப்பிடுங்க.'

"இது நான் சொன்னது."

"ஆமா."

"கல்யாணமாகி அரக்கோணத்துலேர்ந்து வந்த புதுசு. கைக்குழந்தையா இருந்த என் பையன் டேவிட்டைத் தூக்கிட்டு ஆஸ்பத்திரி கேட்டுல நின்னு தமிழ்ல கத்தினேன். வாட்ச்மேனுக்குப் புரியல. பத்து நிமிஷம்டி! கர்த்தர் காப்பாத்தினாரு. மறுநாள் முதல்ல கத்துக்கிட்டது இதைத்தான்."

பக்கத்து மெஷினில் உட்கார்ந்து நான் இதை வெறும் பாடமாக எழுதிக்கொண்டிருந்திருக்கிறேன். கடிதத்தை நீட்டவே கூச்சமாக இருந்தது.

"எனக்கு அப்ஜெக்ஷன் இருக்கு" என்றாள். "நாப்பத்தோராம் பக்கம் வரைக்கும் எவ படிப்பா? இதை முதல் பக்கத்துல போடு. ஆட்டோக்காரன் எப்படியும் தமிழ் பேசுவான்."

மாலை ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. கையெழுத்தாகாத கடிதத்தைக் கிழித்துப் போட்டேன். விண்ணப்பத்தில் ஆசிரியர் என்ற இடத்தில் எஸ்தர் பெயரை எழுதி, அதன் கீழே என் பெயரை எழுதினேன். டெல்லி தாராளமாக முப்பது நாள் காத்திருக்கட்டும். வர வேண்டிய ஆட்சேபணை மர்பி டவுனிலேயே வந்துவிட்டது.